செனாதாவும் ஐந்நூறு தலைகளும்

பன்னிரண்டு மணிக்குத் தேவாலய மணி அடித்ததும் செனாதா முடி உலர்த்தும் இயந்திரத்தை அணைத்துவிடுவாள். நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் சரி. தலை பாதி காய்ந்திருக்கும், பாதி சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு துண்டைச் சுற்றிவிட்டு, "ஒரு மணி வரைக்கும் ஊர் ஓய்வெடுக்குது" என்று சொல்லிக் காப்பி போட்டுக் கொடுப்பாள். எங்கள் மலைக்கிராமமான ஸ்டாஃபல்மாட்டில் அந்த ஒரு மணி நேரம் புல்வெட்டும் இயந்திரம் ஓட்டக்கூடாது, சுவரில் துளை போடக்கூடாது. முடி உலர்த்துவதைப் பற்றி விதி எதுவும் இல்லை. நானே ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னேன். "விதியில இல்லாட்டி என்ன ரோஸ்லி, காதுல விழும்ல" என்றாள்.

அவளுடைய முடிதிருத்தும் கடை என் ரொட்டிக்கடைக்கு நேர் எதிரே. நடுவில் தபால் பேருந்து திரும்பும் இடம் மட்டும். இருபத்தாறு வருடமாக அவளை இரண்டு கண்ணாடிகளின் வழியே பார்த்து வருகிறேன். மெலிந்த உடம்பு, வேகமான கை. தன் தலையை மட்டும் அவளே வெட்டிக்கொள்வாள், அதனால் பின்புறம் எப்போதும் கொஞ்சம் கோணலாக இருக்கும். எங்கள் பள்ளத்தாக்கில் சுமார் ஐந்நூறு தலைகள். அதில் மொட்டையையும் கைக்குழந்தையையும் கழித்தால் மிச்சம் முழுவதும் அவள் கத்தரிக்கோலுக்குக் கீழே குனிந்தவைதான்.

காலிப் பாட்டில்களைத் தெருக்கோடித் தொட்டியில் போடப் போகும்போது ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி எடுத்துப் போவாள். ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வரக்கூடாது. பனி விழுந்தால் தன் வாசலைத் தள்ளி முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டு வாசலிலும் பாதியைத் தள்ளிவைப்பாள். முழுவதும் தள்ளினால் அவர்களைக் குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடும் என்பது அவள் கணக்கு. எதிரே வருகிறவர் எல்லோருக்கும் பெயர் சொல்லி வணக்கம் சொல்வாள். ஆகஸ்ட் முதல் தேதி, நாட்டின் பிறந்தநாளுக்குக் கொடி கட்டுகிற வாரம் அவளுக்குத் தூக்கமே போய்விடும். ஒரு வருடம் என்னைக் கூப்பிட்டு ஜன்னலில் இரண்டு அளவில் கொடி பிடித்துக் காட்டினாள். "பெரிசு கட்டினா ரொம்பக் காட்டிக்கிறான்னு சொல்வாங்க. சின்னது கட்டினா மரியாதை இல்லன்னு சொல்வாங்க. எதைக் கட்டட்டும்?" நான் கொடியே கட்டுவதில்லை என்று சொன்னேன். "நீ கட்ட வேண்டாம். நீ இந்த ஊர்க்காரி" என்றாள்.

அவள் போஸ்னியாக்காரி. போர் வந்தபோது வயது பதினேழு. அவள் வீட்டுப் பிள்ளைகள் நான்கு பேரும் நான்கு நாட்டில் போய் விழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை கடையை மூடிவிட்டு, தரையைக் கழுவிக்கொண்டே அவர்களோடு தொலைபேசியில் பேசுவாள். குரலை வெளியே கேட்கும்படி வைத்திருப்பாள், கை ஈரம் என்பதால். நான் கூட இருந்தால் அவர்கள் பேசுவதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்வாள். ஸ்வீடனில் இருக்கிற தம்பி ஐந்து வருடம் குடியிருந்தான், விண்ணப்பம் போட்டான், வாங்கினான். ஜெர்மனித் தம்பி முப்பத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதினான், மேயர் கை குலுக்கினார், முடிந்தது. வியன்னாவில் இருக்கிற தங்கை பழைய கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புதியதை வாங்க முடிந்தது. அன்றைக்கு ஒரு நாள் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். மூவருக்கும் விளங்காதது செனாதாவின் கதைதான்.

"என்னக்கா, உங்க ஊர்க்காரங்க இன்னும் கை தூக்கலையா?" என்று ஸ்வீடன் தம்பி கேட்பான்.

"தூக்குவாங்க."

"அவங்களுக்குத் தோள்பட்டை வலியோ என்னமோ."

தங்கை சிரிப்பாள். செனாதா சிரிக்கமாட்டாள், கடைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.

எங்கள் நாட்டில் குடியுரிமை என்பது முதலில் ஊர் கொடுப்பது. ஊர் ஒப்புக்கொண்டால்தான் மாநிலம், மாநிலத்துக்குப் பிறகுதான் நாடு. நகரங்களில் அலுவலகமே பார்த்து முடித்துவிடும். அவள் மகள் லெய்லா செவிலியர் படிப்புக்கு நகரத்துக்குப் போனவள், அங்கே விண்ணப்பித்தாள். ஒரு நாள் தபாலில் வந்துவிட்டது. எங்களைப்போன்ற சின்ன ஊர்களில் ஊர்ச்சபை கூடிக் கையைத் தூக்க வேண்டும். வேண்டாம் என்று நினைக்கிறவர் எழுந்து நின்று எல்லார் முன்னும் காரணம் சொல்ல வேண்டும். பேசி முடிக்கும்வரை விண்ணப்பித்தவர் வெளியே நிற்க வேண்டும்.

செனாதா ஒரு தடவை அப்படி வெளியே நின்றிருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால், கணவன் எனெஸோடு. உள்ளே அலோயிஸ் எழுந்தார். மேல்மேட்டில் முப்பது மாடும் ஆற்றோரமாக நல்ல நிலமும் வைத்திருப்பவர். இவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்த விழாவிலும் பார்த்ததில்லை, ஊரோடு ஒட்டவில்லை என்று சொல்லி உட்கார்ந்தார். பகை எதுவும் இல்லை, மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். கைகள் போதவில்லை.

மறுநாள் காலை செனாதா வழக்கமான நேரத்துக்குக் கடையைத் திறந்தாள். மூன்றாவது வாரம் அலோயிஸ் முடி வெட்டிக்கொள்ள வந்தார். அன்றைக்கு என் கடையில் ரொட்டி வாங்க வந்தவர்கள் யாரும் வெளியே போகவில்லை. எல்லோரும் ஜன்னலோரம் நின்று பார்த்தார்கள். அவள் அவர் கழுத்தில் துணியைக் கட்டினாள், நீர் தெளித்தாள், காதோரம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனாள். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். பின்கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். காசு கொடுத்தார், போனார். அதன்பிறகு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்தார். அந்தக் கூட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

எனெஸ் அதோடு விட்டுவிட்டான். மரம் அறுக்கும் ஆலையில் வேலை அவனுக்கு. "நான் அறுக்கிற மரம் எங்கிட்ட கடவுச்சீட்டு கேக்கல" என்று சொல்லிவிட்டான். செனாதா அப்படி விடவில்லை. மகளிர் உடற்பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்தாள். தீயணைப்புப் படையின் கோடை விழாவில் காப்பி ஊற்றினாள். பாட்டுக்குழுவில் குரல் ஒத்துவரவில்லை என்றதும் அவர்களுடைய ஆடைகளுக்கு இஸ்திரி போடும் வேலையை எடுத்துக்கொண்டாள். தேவாலயச் சந்தைக்கு, தன் மதம் வேறாக இருந்தாலும், ஆறு தட்டு பிளம் கேக் செய்து கொண்டுபோனாள். ஊர்க்கூட்டம் எதுவானாலும் பார்வையாளர் நாற்காலியில் அவள் இருப்பாள். கடைசியில் ஊரில் அவளைக் காணாத இடமே இல்லை என்றாகிவிட்டது.

அவள் காட்டிக்கொள்ளாத ஒன்று மட்டும் இருந்தது. எதைப் பற்றியும் தனக்கு என்ன தோன்றுகிறது என்று சொல்லமாட்டாள். முடிதிருத்தும் கடையில் ஊர்ச் சண்டை எல்லாம் வந்து விழும். அண்டை ஊரான நீடர்பாக்கோடு எங்கள் ஊரை இணைத்துவிடலாமா என்ற பேச்சு இரண்டு வருடமாக எங்களை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தது. ஒரே வீட்டில் அப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். நாற்காலியில் உட்கார்ந்து, "நீ என்ன சொல்றே செனாதா?" என்று கேட்பார்கள். அவள் இரண்டு காதோரமும் முடியின் அளவைச் சீப்பால் ஒப்பிட்டுக்கொண்டே, "ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்பாள். முடியைச் சொல்கிறாளா ஊரைச் சொல்கிறாளா என்று தெரியாது. இரண்டு கட்சிக்காரர்களும் அவள் தங்கள் பக்கம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

இந்த இலையுதிர்காலத்தில் மறுபடியும் விண்ணப்பித்தாள். இந்தத் தடவை தனியாக.

முதலில் ஐந்து பேர் குழு அவளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. நாட்டின் ஏழு அமைச்சர்கள் பெயரையும் மூச்சுவிடாமல் சொன்னாளாம். மலைகளைச் சொன்னாள், ஏரிகளைச் சொன்னாள், எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று சொன்னாள். ஊராட்சித் தலைவர் டோனி சிரித்து, "குப்பையில எங்களவிட நீதான் கெட்டி" என்றாராம். அப்போது ரெகுலா டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். ரெகுலா எங்கள் ஊர்ப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; செனாதா வந்த புதிதில் மாலை வகுப்பில் அவளுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஊர் இணைப்பு வேண்டும் என்கிற கட்சிக்கு அவர்தான் முன்னால் நின்றார்.

"உனக்குக் குடியுரிமை கெடச்சிருச்சுன்னு வெச்சுக்க. இணைப்புக்கு நீ எப்படி ஓட்டுப் போடுவே?"

செனாதா தன் வழக்கமான பதிலைச் சொன்னாள்.

"ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. அப்புறம்?"

அதற்குமேல் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

அன்று மாலை என் கடையின் பின்கட்டுக்கு வந்து, மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஒரு சின்னக் கேள்விக்கு ஏன் இப்படி என்று கேட்டேன். பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

அவர் பேருந்து ஓட்டுநர். ஆற்றங்கரையில் சின்ன ஊர். ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். நாடு பிரியலாமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு வந்தது. ஒரு காலை காப்பிக்கடையில் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், நீ எப்படிப் போடப்போகிறாய் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா சொன்னார். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டே சொன்னார். அந்த வசந்தகாலம் முடிவதற்குள் அதே மேசைக்காரர் துப்பாக்கியோடு அவர்கள் வீட்டு வாசலில் நின்றார். வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அப்பாவை மட்டும் தன்னோடு வரச் சொன்னார்.

"ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு ரோஸ்லி. எங்கம்மாவுக்கு வணக்கம் சொன்னாரு. அப்பாகிட்ட, 'நான் என்ன பண்றது, நீயேதானே உன் வாயால சொன்னே'ன்னாரு."

அப்பா திரும்பி வரவில்லை. அவரை எங்கே புதைத்தார்கள் என்று தெரிய இருபது வருடம் ஆயிற்று.

"இங்க அப்படியெல்லாம் நடக்காது" என்று நான் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். "எங்க ஊர்லயும் எல்லாருக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருந்துச்சு."

ஏன் அந்தக் குடியுரிமை அவளுக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. லெய்லா இங்கேதான் பிறந்தாள், கடை இங்கேதான் இருக்கிறது, நிரந்தர அனுமதி இருக்கிறது. ஆனால் யாராவது ஒரு நாள் காலை வாசலில் வந்து போ என்று சொன்னால், போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு ஒன்று வேண்டும்.

குழுவில் மூன்று பேர் சரி என்றார்கள், இரண்டு பேர் தயங்கினார்கள். விஷயம் ஊர்ச்சபைக்கு வந்தது. டிசம்பரில் கூட்டம்.

அதற்கு முந்தைய வாரங்களில் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. முடியைக் குறைவாக வெட்ட ஆரம்பித்தாள். அதிகம் வெட்டிவிட்டால் ஒரு கை போய்விடுமே. வெட்டிக்கொண்டு போனவர்கள் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, இது எனக்குக் கண்ணை மறைக்கிறது என்றார்கள். அதற்கும் பயந்தாள். யார் எப்படி வணக்கம் சொன்னார்கள், யார் தலையை மட்டும் ஆட்டினார்கள் என்று மாலையில் எனக்குக் கணக்குச் சொல்வாள். கடைசியில் நடக்கக்கூடாதது நடந்தது. ஊராட்சித் தலைவர் டோனியின் காதை நறுக்கிவிட்டாள்.

சின்னக் கீறல்தான். காது என்பதால் சட்டைக் காலர் முழுக்க ரத்தம். டோனி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. காதில் பஞ்சை ஒட்டிக்கொண்டு என் கடைக்கு வந்து, "காதும் முடியும் ஒண்ணுதான்னு நெனச்சுட்டா போல" என்று சிரித்துவிட்டுப் போனார். செனாதா அன்றைக்கே கடையை மூடிவிட்டாள். இரவோடு இரவாக அவருக்காக ஒரு வால்நட் கேக் செய்தாள். காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகம்வரை நடந்தாள். அப்புறம்தான் தோன்றியிருக்கிறது, கூட்டத்துக்கு முன்னால் தலைவருக்குக் கேக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு. திரும்பி என் கடைக்கு வந்தாள். "இதை எங்கயாவது ஒழிச்சுடு ரோஸ்லி." நான் துண்டு போட்டு விற்றுவிட்டேன். வாங்கினவர்களில் டோனியின் மனைவியும் ஒருத்தி. அதை நான் செனாதாவிடம் சொல்லவில்லை.

ஊர்ச்சபை எங்கள் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடக்கும். ரப்பர் விரிப்பு வாசனை, பிள்ளைகள் ஏறிப் பழகும் சுவர் மரச்சட்டங்கள், மடக்கு நாற்காலிகள். அன்றைக்குப் பனி அதிகம், ஆனாலும் கூட்டம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். விண்ணப்பம் இரண்டு. ஒன்று பால் பதனிடும் நிலையத்தின் மேலாளர், ஜெர்மன்காரர். இன்னொன்று செனாதா. இரண்டு பேரையும் நடைவழிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

ஜெர்மன்காரரைப் பற்றி யாருக்கும் சொல்ல எதுவும் இல்லை. கை தூக்கினார்கள், முடிந்தது. டோனி அடுத்த பெயரைப் படித்தார். எதிர்ப்பு உண்டா என்று கேட்டார். எல்லார் கண்ணும் அலோயிஸ் இருந்த பக்கம் போயிற்று. அவர் தன் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். டோனி அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தபோது, முன்வரிசையில் ரெகுலா டீச்சர் எழுந்தார்.

"நான் அவளுக்கு எதிரி இல்ல. இந்த ஊர்ல அவளுக்கு முதல் வார்த்தை சொல்லிக்கொடுத்தவ நான். அதனாலதான் பேசுறேன்" என்றார். "குடியுரிமைன்னா ஓட்டு. ஓட்டுன்னா ஒரு கருத்து வேணும். இத்தன வருஷத்துல இவ வாயிலேர்ந்து ஒரு கருத்து கேட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. கேக் சாப்பிட்டிருக்கோம், காப்பி குடிச்சிருக்கோம். இவ யாருன்னு நமக்குத் தெரியுமா? அதனால இப்ப வேண்டாம்ங்கிறேன்."

நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்தது அவளுடைய கருத்து அல்ல, அவளுடைய அப்பாவின் கதை. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. போன தடவை சங்கத்தில் சேரவில்லை என்றார்கள், எல்லாவற்றிலும் சேர்ந்தாள். இப்போது யாருக்கும் வலிக்காமல் நடந்துகொண்டதே குற்றமாக வந்து நிற்கிறது.

மறுக்கச் சொல்லிக் கோரிக்கை வந்தால், சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்று டோனி சொன்னார். எழுத்தர் போய்க் கதவைத் திறந்து அவளைக் கூட்டிவந்தார்.

செனாதா மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கத்தரிக்கோல் இல்லாத கையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் கட்டினாள், பின்னால் கட்டினாள், கடைசியில் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். டோனி ரெகுலா சொன்னதை அப்படியே எடுத்துச் சொன்னார். இணைப்பைப் பற்றி அவள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொன்னார்.

அவளுடைய கண் வரிசை வரிசையாகப் போவதைப் பார்த்தேன். எந்த முகத்தைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். அந்த முகம் இந்தக் கூடத்தில் இல்லை, எங்கோ ஆற்றங்கரையில் ஒரு காப்பிக்கடை மேசையில் இருந்தது. எழுத்தர் ஒரு குவளைத் தண்ணீர் நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் எதிர்த்துத்தான் போடுவேன்" என்றாள்.

குரல் கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லை. யாரோ சத்தமாகப் பேசச் சொன்னார்கள்.

"இணைப்புக்கு எதிரா ஓட்டுப் போடுவேன். நீடர்பாக்குல எனக்கு யாரையும் தெரியாது. ரெண்டு ஊரும் ஒண்ணாயிட்டா, நாளைக்கு என்னை மாதிரி ஒருத்திக்குக் கை தூக்குறது யாரு, தூக்காதது யாருன்னே தெரியாது. இங்க எனக்குத் தெரியும். என்னை வேண்டாம்னு சொன்னவரைத் தெரியும். அவர் உச்சந்தலையில சுழி எந்தப் பக்கம்னு தெரியும்."

சிரிப்பு எழுந்தது. அலோயிஸின் பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார். செனாதா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சவங்கன்னா நல்லது மட்டும் பண்ணுவாங்கன்னு சொல்லல. அது அப்படி இல்லன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் முகம் தெரியணும். ரெகுலா டீச்சர் இணைப்பப் பத்திச் சொல்றது தப்புன்னு நெனைக்கிறேன். ரொம்ப நாளா நெனைக்கிறேன்." மூச்சு வாங்கினாள். "நான் இப்ப வெளியில போகணுமா?"

போகலாம் என்று டோனி தலையாட்டினார். அவள் போனதும் கதவைச் சாத்தினார்கள்.

ரெகுலா எழுந்து, தன் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா வேறு ஏதாவதா என்று பின்னாலிருந்து சொல்ல முடியவில்லை. ஆனால் இணைப்பு வேண்டும் என்கிற பாதிக் கூடம் இப்போது முணுமுணுத்தது. அலோயிஸ் உட்கார்ந்தபடியே, "வந்த கோரிக்கை வந்ததுதான். எண்ணுங்க" என்றார்.

எண்ணினார்கள். கடைசி வரிசையில் இருக்கிறவளுக்கு முகங்கள் தெரியாது, பிடரிகள்தான் தெரியும். எனக்கு முன்னால் அத்தனை பிடரிகள், எல்லாம் அவள் ஒதுக்கிவிட்டவை. ஒன்றில்கூட கோடு கோணவில்லை. அவற்றுக்கு மேலே கைகள் எழுந்தன. சில உடனே, சில பக்கத்தில் பார்த்துவிட்டு. ரெகுலாவின் கை வகுப்பறையில் தூக்குவதுபோல் நேராக நின்றது. நான் என் கையை வலிக்கும்வரை தூக்கிப் பிடித்திருந்தேன். எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது அலோயிஸ் தூக்கினார், ஒளிக்காமல். அவரோடு இன்னும் பலர். நான் நினைத்ததைவிடப் பலர். என்னிடம் தினம் ரொட்டி வாங்குகிறவர்கள், அவளிடம் தலை கொடுக்கிறவர்கள். எழுத்தருக்குக் கணக்கு உதைத்தது, மறுபடியும் எண்ணினார். இரண்டாம் தடவையும் ஆதரவுக் கைகளே கூடுதல். பெரிய வித்தியாசம் இல்லை. போதுமானது.

கதவைத் திறந்தபோது செனாதா நடைவழியில் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டு, கையுறையும் மாட்டிக்கொண்டு நின்றாள். வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தாள். எழுத்தர் அவள் காதோரம் ஏதோ சொன்னார். புரியாதவள்போல் அவரையே பார்த்தாள். ஜெர்மன்காரர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியதும்தான் உள்ளே வந்தாள். கூடத்தில் கை தட்டினார்கள், தட்டாதவர்களும் இருந்தார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. டோனி வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாநிலமும் தலைநகரமும் ஒப்புதல் தர இன்னும் ஒரு வருடம்போல் ஆகும், அதுவரை வாக்குரிமை கிடையாது என்று விதியையும் படித்தார். அவள் சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றி மடியில் வைத்தாள்.

கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போயிற்று. பனி தள்ளும் வண்டி பழையதாகிவிட்டது, புதியது வாங்கலாமா. பழையதே இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடும் என்றார் ஒருவர். மேல்மேட்டுப் பாதையில் அது போன வாரம் நின்றுவிட்டதை மறந்தாயா என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரம் அதற்கொரு சண்டை. டோனி அலுத்துப்போய், "சரி, வாங்கலாம்ங்கிறவங்க" என்றார்.

கைகள் எழுந்தன. சுவரோரம் செனாதாவின் வலது கையும் மடியிலிருந்து எழுந்தது. தோள் உயரத்துக்கு வந்த பிறகுதான் அவள் அதைப் பார்த்தாள். இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கி, கூட்டம் முடியும்வரை அதை விடாமல் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.